லோடோடு சேர்த்து வழியையும் பேசுங்கள்

கூகுள் மேப்பைத் திறந்து வழி கேட்டால் மேலே வரிசையாகச் சில படங்கள் வரும். கார், இருசக்கர வண்டி, பஸ், நடந்து போகிற ஆள். லாரிக்குப் படம் கிடையாது. வண்டி எத்தனை அடி உயரம், எத்தனை டன், எத்தனை சக்கரம் என்று அது கேட்பதும் இல்லை. லோடோடு 28 டன் நிற்கும் டாரஸ் லாரி ஓட்டுநருக்கும், சின்னக் காரில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறவருக்கும் அது சொல்லும் வழி ஒன்றுதான்.

இதன் விளைவைக் கிராமங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. நள்ளிரவில் தெருவில் ஏர் பிரேக் சத்தம் கேட்கும். வெளியே வந்து பார்த்தால் கோயில் மண்டபத்துக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் ஒரு லாரி நிற்கும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் எடுக்க முடியாது. விடிந்ததும் ஜேசிபி வரும், அதற்கான வாடகை பெரும்பாலும் ஓட்டுநரின் பேட்டாவில் கழியும். மேப்பை நம்பி வந்து மாட்டிக்கொண்ட லாரி என்று செய்தி போடுவார்கள். அந்தச் செய்தியில் பாதி உண்மைதான் இருக்கிறது. சரக்கு ஏற்றிவிட்டவர் வழி சொல்லவில்லை. வரவழைத்தவர் தன் ஊர்ச் சாலையில் எந்த வண்டி வரும் என்று சொல்லவில்லை. சாலையைப் பராமரிப்பவர் மெயின் ரோட்டில் ஒரு பலகை வைக்கவில்லை. யாரும் சொல்லாத வழியை ஓட்டுநர் போனிடம் கேட்கிறார். சட்டம் என்று வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவதும் அவர்தான்.

கணக்கைப் பார்ப்போம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். 2000-இல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்படும் தார்ச் சாலையின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். போக்குவரத்து குறைவான ஊர்களுக்கு 3 மீட்டர் போதும் என்று விதியே சொல்கிறது. முதல் வகைச் சாலையில் லாரி போக மிஞ்சும் இடம் இரண்டு பக்கமும் சேர்த்து நாலடிகூட இல்லை. இரண்டாவது வகையில் ஒரு முழத்துக்கும் குறைவு. பக்கவாட்டுக் கண்ணாடிகளை இதில் சேர்க்கவில்லை. எதிரே ஒரு மொபெட் வந்தாலும் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும்.

அந்த மண்ணில்தான் ஆபத்து. தார் ஓரத்தை ஒட்டிக் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம் பல ஊர்களில் இருக்கிறது. கோடையில் பார்த்தால் கெட்டித் தரைபோல இருக்கும். ஒரு மழை பெய்தால் உள்ளே சேறு. பின் சக்கரம் அதில் இறங்கிவிட்டால் லோடு ஒரு பக்கம் சாயும், சாய்ந்த லோடு வண்டியையும் இழுத்துக்கொண்டு போகும். கொங்குப் பக்கம் சாலையை ஒட்டிய கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் இல்லாத இடங்களும் உண்டு. வரப்பை ஒட்டிச் செங்குத்தாகத் திரும்பும் வளைவுகளில் லாரியின் முகப்பு திரும்பிவிடும், பின்பகுதி திரும்பாது. டிரெய்லர் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கத்தைப் புதிதாக வருகிறவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்: திரும்ப இடம் இருக்கும் கடைசி இடத்தைத் தாண்டுவதற்கு முன் வண்டியை நிறுத்திவிட்டு, கிளீனரையோ உள்ளூர்க்காரரையோ முன்னால் அனுப்பிப் பார்த்துவரச் சொல்வது. அரை மணி நேரம் போகும். இருட்டில் இரண்டு கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுப்பதைவிட அது மேல்.

சிறுபாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-இல் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. வண்டிக்கு வரம்பு கூடியதால் ஊர் எல்லையில் பல ஆண்டுகளுக்கு முன் குழாய் பதித்துக் கட்டிய பாலம் பலமாகிவிடவில்லை. எடைப் பலகை இல்லாத பழைய பாலத்தைப் பார்த்தால் உள்ளூரில் கேளுங்கள்: கரும்பு லாரி இதில் போகிறதா, லோடோடு போகிறதா, காலியாகவா? வெள்ளம் வழியும் தரைப்பாலத்தில் இறங்கவே கூடாது. தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேப்புக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. 2023 அக்டோபர் 1 அன்று எர்ணாகுளம் மாவட்டம் கோதுருத்தில், கொட்டும் மழையில் மேப் காட்டிய வழியில் வந்த கார் ஆற்றில் இறங்கி இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட ராம்கங்கா பாலத்தின் மேல் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் உடைந்தது மேப்பில் பதிவாகவில்லை. வண்டிகளைத் தடுக்கும்படியான தடுப்பும் பாலத்தில் இல்லை. அந்த வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களோடு கூகுள் மேப் அதிகாரியும் சேர்க்கப்பட்டார்.

இனி மின்கம்பி. கிராமச் சாலையில் லாரிக்காரர் உயிர் போவதற்கான காரணங்களில் இதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றிய பேச்சே இல்லை. தெருவைக் குறுக்கே கடக்கும் சாதாரண மின்கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்குக் குறையக் கூடாது, தெருவோரமாக ஓடுவது 5.5 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மின் பாதுகாப்பு விதி. ஆனால் தெரு என்ற கணக்கில் வராத வயல், தோட்டம் போன்ற இடங்களில் காப்பு உறை இல்லாத கம்பி 4.6 மீட்டர் உயரத்தில் போனாலே விதிப்படி சரிதான். அதாவது 15 அடி. கோழிப்பண்ணைக்கும் செங்கல் சூளைக்கும் தென்னந்தோப்புக்கும் போகும் தனியார் பாதையில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது இந்த 15 அடிக் கம்பியாக இருக்கலாம். வெயிலில் கம்பி தொய்யும், கம்பம் சாயும், மேலே தார் போடப் போடச் சாலை உயரும். சரக்கு வண்டிகளுக்கு விதி பொதுவாக அனுமதிக்கும் உயரம் 4 மீட்டர். வைக்கோலும் தேங்காய் நாரும் பஞ்சு மூட்டையும் அந்த அளவோடு நிற்பதில்லை. கம்பி உரசிப் பொறி விழுந்தால் வைக்கோல் லோடு சில நிமிடங்களில் முழுதும் எரிந்துவிடும்.

கம்பி வண்டியில் பட்டுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு ஓட்டுநரும் கிளீனரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தீப்பிடிக்காத வரை கேபினை விட்டு இறங்காதீர்கள். கம்பியிலிருந்து விலகும்படி வண்டியை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். முடியாவிட்டால் உள்ளேயே உட்கார்ந்து, ஓடி வருகிறவர்களை வண்டியைத் தொடாதபடி சத்தம் போட்டுத் தடுங்கள். ஒரு காலைப் படியில் வைத்து மறுகாலைத் தரையில் ஊன்றி இறங்குவதுதான் உயிரைப் பறிப்பது, ஏனென்றால் அந்த நொடியில் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பூமிக்குப் போகிறது. தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்து விழும்படி குதியுங்கள். பிறகு கால்களை அகட்டி வைக்காமல், பாதங்களைத் தரையோடு தேய்த்தபடி குறைந்தது பத்து மீட்டர் தள்ளிப் போங்கள். லைன் ஒருமுறை டிரிப் ஆனதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கம்பியைக் கையால் தூக்குகிறவர்கள் உண்டு. மறுபடி சார்ஜ் ஆகும். மின் வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்துவிட்டதாகச் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது.

தாழ்ந்த கம்பியைப் பார்த்தாலே புகார் செய்யலாம். மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் இடம் கண்டுபிடிக்க எளிது.

மலைப்பாதை இன்னொரு வகைச் சிக்கல். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் அங்கே மாலை 6 முதல் காலை 6 வரை சரக்கு வண்டிகளுக்கு வழி இல்லை. பத்துச் சக்கரத்துக்கு மேற்பட்ட லாரிகளுக்கும் பின்னர் தடை வந்தது, எடைக்கும் வரம்பு இருக்கிறது. மைசூருக்குப் போகும் பந்திப்பூர் வழி 2009 முதல் இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படுகிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளில், 2018-இல் நடந்த ஒரு கார் விபத்துக்குப் பின் வெளியூர் வண்டிகள் இறங்குவதை மாவட்ட நிர்வாகம் தடுத்தது. கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் கல்லட்டிதான் குறுக்குவழி. இறக்கத்தின் செங்குத்தை கிலோமீட்டர் சொல்லாது. சின்ன கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடிக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், டிரம் சூடாகி நாலாவது ஐந்தாவது வளைவிலேயே பிரேக் பிடிக்காமல் போகலாம். இரண்டு வண்டி ஒதுங்க முடியாத மலைச் சாலையில் இறங்கி வருகிறவர்தான் நின்று, ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இது மரியாதைக்காகச் செய்வது மட்டுமல்ல, சாலை விதியே அதுதான்.

ஓட்டுநர் ஏன் மெயின் ரோட்டை விடுகிறார்? டோல்கேட்டைத் தவிர்த்தால் கையில் நிற்கும் பணம் ஒரு காரணம். முதலாளி மொத்தமாக ஒரு தொகை கொடுத்து டீசல், டோல், சாப்பாடு எல்லாம் அதற்குள் என்று சொல்லும்போது, மிச்சப்படுத்துவதுதான் ஓட்டுநரின் வருமானம். சரக்கோடு இருக்க வேண்டிய இ-வே பில்லின் கெடு இன்னொரு காரணம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. வழியில் டயர் வெடித்தோ, மழையில் நின்றோ நேரம் போனால் பில் காலாவதியாகும் என்ற பயத்தில் குறுக்குவழி தேடுகிறார்கள். இந்தப் பயம் தேவையில்லை. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ, காலாவதியான 8 மணி நேரத்துக்குள்ளோ காரணம் காட்டி நீட்டித்துக்கொள்ளலாம். ஆபீசுக்கு ஒரு போன் போட்டால் முடிகிற வேலை அது. அதற்காகத் தோட்டத்துப் பாதையில் இறங்க வேண்டியதில்லை.

சட்டம் ஓட்டுநரிடம் என்ன எதிர்பார்க்கிறது? போனில் வழி பார்ப்பது குற்றமில்லை. கவனம் சிதறாத வகையில், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம் சொல்கிறது. ஸ்டாண்டில் மாட்டி, குரல் வழிகாட்டலை வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்து விரலால் தள்ளிக்கொண்டே ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி அது அபாயகரமாக ஓட்டியதாகும்.

தடைசெய்த சாலைக்குள் போவது பெரிய விஷயம். 115-ஆம் பிரிவின்படி மாநில அரசோ, அது அதிகாரம் கொடுத்த அதிகாரியோ ஒரு சாலையில் கனரக வண்டிகளைத் தடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தடை என்றால் அரசிதழில்கூட வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் அறிவித்தால் போதும். பாலம் பழுது, திருவிழா, மழைச் சேதம் என்று திடீரென வரும் இத்தகைய தடைகள் மேப்பில் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மீறினால் 194-ஆம் பிரிவில் எழுதியிருக்கும் அபராதம் 20,000 ரூபாய். அதிக பாரம் இருந்தால் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் சேரும், இறக்கும் செலவும் உங்களுடையது. பாரம் பக்கவாட்டிலோ உயரத்திலோ வரம்பு மீறி நீட்டியிருந்தாலும் 20,000 ரூபாய்தான். மேப் காட்டியது என்ற பதிலால் பிழைக்க முடியாது. நிலைமை மாறியிருக்கலாம், சொந்தப் பொறுப்பில் பயன்படுத்துங்கள் என்று கூகுள் தன் பயன்பாட்டு நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் ஓட்டுநருக்குச் சாதகமாகச் சட்டத்தில் இருப்பவை அவர் காதுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதிக பாரம் ஏற்றி ஓட்டியவர் வண்டியின் சொந்தக்காரர் இல்லையென்றால், அது சொந்தக்காரருக்குத் தெரிந்தோ அவர் சொல்லியோதான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என 113-ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரும் 194-இல் வருகிறார். அதனால் எடைச் சீட்டையும், எந்த வழியில் போகச் சொன்னார்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். வாய்ச்சொல்லாக வந்தால், "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி இந்த வழியிலதான் போறேன்" என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால், சேதம் உங்கள் அலட்சியத்தால்தான் வந்தது என்று காட்ட வேண்டும், பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்காமல் பிடிப்பது சட்டவிரோதம். தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

ஆள் அடிபட்ட விபத்து என்றால் 134-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால்? அந்தப் பயத்தைச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது. கூட்டத்தின் ஆவேசத்தாலோ தன் கையில் இல்லாத வேறு காரணத்தாலோ அங்கே நின்று உதவ முடியாமல் போனால் அது குற்றமாகாது. ஆனால் அங்கிருந்து நேராகப் போக வேண்டிய இடம் பக்கத்துக் காவல் நிலையம். போகிற வழியிலேயே 108-க்கும் 112-க்கும் சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்பது போனில் பதிவாகி இருக்கும். தப்பி ஓடினாரா, உயிருக்குப் பயந்து விலகினாரா என்ற கேள்வி பின்னால் வரும்போது அந்தப் பதிவு பேசும்.

சொந்த வண்டிக்காரர்கள் காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், சாய்ந்த உங்கள் லாரிக்கு ஒரு பைசா வராது. இடித்த சுவருக்கும் மின்கம்பத்துக்கும் அதில் வரும், பெரும்பாலான பாலிசிகளில் 7.5 லட்சம் ரூபாய் வரை. முழுக் காப்பீடு எடுத்தவர்களும் ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குறுகிய சாலையில் முதலில் அடிபடும் பம்பர், மட்கார்டு, விளக்கு, டயர் எல்லாம் சரக்கு வண்டிகளில் அந்தப் பிரிவின் கீழ்தான் வருகின்றன. பிரீமியத்தைக் குறைக்க அதை விட்டுவிடுகிறவர்கள் பலர். வண்டியை ஜேசிபியால் இழுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ, வீடியோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். கோரிக்கையை நிராகரித்தால் தனிநபர் சொந்தக்காரர்கள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம்.

ஊர்க்காரர்களுக்கும் சில செய்திகள். வீட்டுச் சுவர் இடிந்தது, ஆடு மாடு செத்தது, குழாய் உடைந்தது என்று கோபம் வருவது நியாயம். ஆனால் சாவியைப் பிடுங்குவதும், பணம் தரும்வரை ஓட்டுநரை உட்கார வைப்பதும் பாரதிய நியாயச் சட்டத்தின் 126, 127-ஆம் பிரிவுகளில் குற்றம். அதைவிட முக்கியம், ஓட்டுநர் கையிலிருந்து நீங்கள் வாங்கும் ஆயிரம் இரண்டாயிரம் உங்கள் நஷ்டத்தை ஈடுகட்டாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வண்டி எண், காப்பீட்டுப் பத்திரத்தின் நகல், சேதத்தின் படம், பழுது பார்க்க ஆகும் செலவு மதிப்பீடு, இவ்வளவும் இருந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் சொத்துச் சேதத்துக்கும் கேட்கலாம். மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

மீண்டும் மீண்டும் லாரி வந்து மாட்டும் ஊர் என்றால், வந்த லாரியோடு சண்டை போட்டுப் பயனில்லை. கோளாறு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வரும் திருப்பத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அதில் ஒரு தீர்மானம் போடுங்கள். பொதுவாகக் கனரக வாகனத்தைத் தடுக்க வேண்டும் என்று எழுதினால் கோப்பில் தூங்கும். டேப் பிடித்து அளந்து, எந்தத் திருப்பத்திலிருந்து எந்தத் தெரு வரை, மிகக் குறுகிய இடம் எத்தனை மீட்டர், பாலம் எங்கே, தாழ்ந்த கம்பி எங்கே, லாரிக்கு மாற்றுவழி எது என்று எழுதுங்கள். அந்தச் சாலை பஞ்சாயத்துடையதா, ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டும். நகலோடு திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணிலும் பதிவு செய்யலாம். சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் விதிப்படி நடக்காததால் உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு 2019 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

பலகை எங்கே வைக்கப்படுகிறது என்பதில்தான் முக்கால் பங்கு பயன் இருக்கிறது. குறுகிய தெருவின் முனையில் வைத்தால், லாரி அதைப் படிக்கும்போது மூன்று கிலோமீட்டர் உள்ளே வந்திருக்கும். மெயின் ரோட்டில், திரும்புவதற்கு முன்பே வைக்க வேண்டும். சிவப்பு வட்டத்துக்குள் அகலமும் உயரமும் எடையும் எண்ணால் எழுதிய பலகை வேண்டும். தமிழ் எழுத்து மட்டும் போதாது. ராஜஸ்தானிலிருந்து மார்பிள் ஏற்றி வருகிறவருக்கும் ஆந்திராவிலிருந்து நெல் ஏற்றி வருகிறவருக்கும் படமும் எண்ணும்தான் புரியும்.

மேப்பைத் திருத்துவதும் ஊர் இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை. மூடிய சாலை, இல்லாத பாலம், ஒருவழிப் பாதை ஆகியவற்றைக் கூகுள் மேப்பில் யாரும் புகாராகப் பதியலாம். குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதி ஒன்றை அந்த நிறுவனம் 2024 ஜூலையில் சென்னை, கோயம்புத்தூர் உட்பட எட்டு நகரங்களுக்கு அறிவித்தது. கார்களை மனதில் வைத்துச் செய்தது, கிராமங்களுக்கும் உதவாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலையின் உயர வரம்பையும் எடை வரம்பையும் நாமே எழுத முடியும். அந்த மேப்பை வைத்து இயங்கும் ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளில் லாரியின் உயரம், அகலம், எடையைக் கொடுத்து வழி கேட்கலாம். யாராவது எழுதிவைத்திருக்கும் சாலைகளுக்கு மட்டுமே அது பயன்படும் என்பதால், ஒரு வட்டாரத்தில் பத்து இளைஞர்கள் டேப்போடு இறங்கினாலே நல்ல மாற்றம் தெரியும்.

ஓட்டுநர்கள் இப்போதைக்குச் செய்யக்கூடியது, கிளம்புவதற்கு முன் கடைசிப் பத்து கிலோமீட்டரைச் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது. மரக்கிளைகள் மூடி, சாலையே தெரியாத கோடாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு ஊரை இடைநிறுத்தமாகச் சேர்த்தால் மேப் அந்த ஊர் வழியாகத்தான் கொண்டுபோகும். மலையில் சிக்னல் போகும் என்பதால் அந்தப் பகுதி மேப்பை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், இறக்குமிடத்துக்குப் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, போன தடவை வந்த டாரஸ் எந்த வழியா வந்துச்சு?" சின்ன வண்டிதான் வந்தது என்று பதில் வந்தால் மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, சின்ன வண்டிக்கு லோடு மாற்றுவதற்கான செலவை அப்போதே பேசிவிடுங்கள்.

சரக்கு வரவழைக்கும் மில்காரர்கள், பண்ணைக்காரர்கள், கட்டுமானக்காரர்கள் அனுப்பும் லொகேஷனில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்தபடி அனுப்புகிறார்கள். மேப் அந்தப் புள்ளிக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் சாலைக்கு வண்டியை அழைத்துப் போகும். அது பெரும்பாலும் மில்லின் பின்பக்கத்துச் சந்து. கேட்டுக்கு வெளியே, லாரி நுழையும் இடத்தில் நின்று லொகேஷன் அனுப்புங்கள். ஆர்டரிலும் பில்லிலும் முகவரிக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: எந்த ஊரில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்ப வேண்டும், எத்தனை சக்கர வண்டி வரை உள்ளே வரும்.